ஈசானிய மூலையில் இடது ஆம்ப்ளிஃபயர்

ஜோடி ஆம்ப்ளிஃபயரை வீட்டில் எங்கே வைப்பது என்று யாராவது கேட்டுவிட்டால் என் வாய் மூடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே வை, வெறும் தரையில் வைக்காதே, கல் போட்டு அதன் மேல் வை, சுவரோடு ஒட்டாதே, சூடு போக இடம் விடு, கரண்ட் ஒயரையும் பாட்டு ஒயரையும் சேர்த்துக் கட்டாதே. சேலத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லித்தான் சோறு தின்கிறேன். அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். தறிச் சத்தத்திலிருந்து தப்பிக்கப் போய் வேறொரு சத்தத்தில் மாட்டிக்கொண்டதாக என் அம்மா கேலி செய்வாள்.

திருச்செங்கோட்டில் அங்கமுத்து அண்ணன் வீட்டில் மட்டும் அந்த ஜோடியை மூன்று முறை இடம் மாற்றினேன். முதலில் வைத்த இடமே சரியான இடம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த மனுஷரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அங்கமுத்து அண்ணன் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர். வையப்பமலைப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. மழை ஏமாற்றிய ஒரு வருஷம், பத்தொன்பது வயதில், ஊர்க்காரர் ஒருவருடைய ரிக்கில் தொற்றிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போனார். குழாய் மாட்டுகிற வேலையில் ஆரம்பித்து, துளை போடுகிற டிரில்லர் ஆகி, கடைசியில் மனைவியின் அண்ணன் தண்டாயுதபாணியுடன் சேர்ந்து சொந்த வண்டி எடுத்தார். மழைக்காலத்துக்கு மட்டும் ஊர் திரும்புவார். மற்ற மாதமெல்லாம் ஏதோ ஒரு மாநிலத்தில், ஏதோ ஒரு பாறைக்கு மேல் நின்றுகொண்டிருப்பார். முப்பத்தேழு வருஷம் இப்படியே போனது.

ரிக்கின் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். அதனால் திருச்செங்கோட்டுக்காரர்களில் பாதிப் பேருக்குக் காது கொஞ்சம் மந்தம். டீக்கடையில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளப் போவதுபோலக் கத்திக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். காது மந்தம் என்றால் அங்கே யாரும் டாக்டரிடம் போவதில்லை. உழைத்தவனுக்கு உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரி ரிக்காரனுக்குக் காது மந்தம், அவ்வளவுதான். இந்த எண்ணம் எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது எனக்குத் தெரியும்.

அண்ணனுக்குப் பாட்டு என்றால் உயிர். வேலை முடிந்து கம்ப்ரசரை நிறுத்திய பிறகும் அரை மணி நேரம் காதுக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்குமாம். லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு அது அடங்கக் காத்திருப்பாராம்.

"அந்த எரைச்சல் அடங்கி, வண்டி டேப்புல மொதப் பாட்டு காதுல உளுகும் பாருங்க சாமி, வெயில்ல நடந்து வந்து பானைத் தண்ணி குடிச்சாப்பல இருக்குமுங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஐம்பத்தாறு வயதில் தன் பங்கு ரிக்கை மைத்துனரிடமே விட்டுவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தார். ஒரே மகள் சண்முகப்பிரியா பெங்களூரில் வேலையில் இருந்தாள். அவர் வயதுக்காரர்கள் கோழிப்பண்ணை போட்டார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள். இவர் மாடியில் பாட்டுக் கேட்க ஓர் அறை கட்டினார். சுவர் இரட்டைக் கனம், கதவும் இரட்டைக் கதவு, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் ரோட்டு லாரிச் சத்தம் எட்டாது.

தண்டாயுதபாணி விடவில்லை. "ரிக்காரனுக்கு எதுக்கு மாப்ள பாட்டு ரூமு? கேக்காத காதுக்கு ஊடு கட்டற ஒரே ஆளு நீங்கதான்" என்று நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடச் சிரிப்பார். ஆனால் காதோரம் சிவந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

என் கடைக்கு அவர் முதலில் வந்த நாள் நினைவிருக்கிறது. வந்து அரை நாள் பேசாமல் உட்கார்ந்து கேட்டார். என்னிடம் வருகிற எல்லோரும் இன்னும் சத்தமாக வேண்டும் என்பார்கள். ஜன்னல் அதிர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் வந்து சண்டைக்கு நிற்க வேண்டும், அதுதான் அவர்கள் ஆசை. இவர் மட்டும், "சத்தம் நான் நெறையக் கேட்டுட்டனுங்க சாமி. எனக்குத் தெளிவா வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதனால்தான் அந்த ஜோடியை அவருக்குத் தேர்ந்தெடுத்தேன். சாதாரண செட்டில் ஒரே ஆம்ப்ளிஃபயர் இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து வேலை செய்யும். இதில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, தனித்தனி. எங்கள் தொழிலில் மோனோ பிளாக் என்போம். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு கிலோ. ஒரு மணி நேரம் ஓடினால் மேல் தகடு தோசைக்கல் மாதிரி சுடும். ஒன்று இன்னொன்றின் வேலையில் தலையிடாது என்பதால் இடது இடதாகவும் வலது வலதாகவும் கேட்கும்.

அறையில் அண்ணனின் நாற்காலி கிழக்குப் பார்த்து. எதிரே கிழக்குச் சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர். அவருக்கு இடது கைப்பக்கம் வடகிழக்கு மூலை, வலது கைப்பக்கம் தென்கிழக்கு மூலை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் ஒரு கடப்பாக் கல்லைப் போட்டு கல்லுக்கு ஒன்றாக ஆம்ப்ளிஃபயரை வைத்தேன். ஸ்பீக்கர் ஒயர் இரண்டு முழம்தான். என் அனுபவத்தில் அவ்வளவு சுத்தமாக நான் வேறெங்கும் வைத்ததில்லை.

அன்று அவர் போட்டது ஓர் இரட்டை நாதஸ்வர இசைத்தட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் கொஞ்ச நேரத்தில் கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். "இந்தா, ஒரு அண்ணன் இங்க நிக்கறாரு. இன்னொரு அண்ணன் அக்கட்ட நிக்கறாரு. தவுலு நடுவால." கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. வள்ளியாத்தாள் அக்கா கதவருகில் நின்று, "எங்கப்பா செத்ததுக்குக்கூட இவரு இப்படி அழுகலீங்க தம்பி" என்றார். சித்திரை மாதம் அது. அன்று அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டன.

மார்கழியில் போன் வந்தது.

"கௌதமா, எடது பக்கத்து அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்னு வாசிக்கறாப்பல இருக்குதுங்க. ஒருக்கா வந்து பாருங்க சாமி."

ஆட்டையாம்பட்டியில் நிறுத்தி முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். மாடி அறையில் தண்டாயுதபாணியும் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. சரி, வாடிக்கையாளர் சொன்னால் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று இடது ஆம்ப்ளிஃபயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டேன். குறை ஆம்ப்ளிஃபயரில் இருந்தால் அதோடு சேர்ந்து வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் இடதுதான் கம்மி என்றார். ஒயர்களை மாற்றினேன். அப்போதும் இடதுதான்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அவரை எழுப்பி, நாற்காலியைத் திருப்பி மேற்குப் பார்த்துப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். அதே தட்டைப் போட்டேன்.

"இப்பச் சொல்லுங்கண்ணா, எந்தப் பக்கம் கம்மி?"

அவர் இடது கையைத் தூக்கினார். இப்போது அவருடைய இடது கை காட்டியது தென்கிழக்கை. அதாவது, இத்தனை நேரம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே வலது ஸ்பீக்கரை. தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, காது மடலைத் தொட்டு, மடிக்கு வந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஆம்ப்ளிஃபயரில் குறை இல்லை, ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இல்லை. மனுஷர் திரும்பியதும் குறையும் அவரோடு திரும்பிவிட்டது. அவருடைய இடது காதுதான் போய்க்கொண்டிருந்தது. ரிக் சத்தத்தில் கெட்டது என்றால் இரண்டு காதும்தானே கெட வேண்டும், எட்டே மாதத்தில் ஒரு காது மட்டும் எப்படிப் போகும் என்று எனக்கு அப்போதே ஓடியது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ன மாப்ள, மிசினு ரெண்டும் நல்லாத்தான் இருக்குதாட்டம்" என்று சோபாவிலிருந்து தண்டாயுதபாணி குரல் கொடுத்தார். "காதுதான் ரிக்கோட போயிருச்சோ என்னமோ!"

சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணனின் காதோரம் சிவந்தது.

இந்த ஆளுக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. சேலத்தில் ஒரு ஜவுளிக்காரரிடம் முன்பொரு தடவை, செட் சரியாக இருக்கிறது, உங்கள் காதைத்தான் பார்க்க வேண்டும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மனுஷர் என்னை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். கடைவீதி முழுக்க, அவனுக்கு வேலை தெரியாது, வாய்தான் தெரியும் என்று பரப்பினார். அதிலிருந்து நான் வாயை அடக்கப் பழகியிருந்தேன். அடக்கக் கூடாத இடத்தில் அடக்கினேன்.

"காதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். "இடது ஆம்ப்ளிஃபயர் ஈசானிய மூலையில இருக்குதுங்க. அதான் கோளாறு."

எனக்கு வாஸ்துவில் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஆனால் கொங்கு நாட்டில் வீடு கட்டுகிறவர்களோடு பழகியவனுக்கு அது தெரியாமல் இருக்காது. ஈசானியம் என்கிற வடகிழக்கில் பாரம் ஏற்றக் கூடாது, நெருப்பு கூடவே கூடாது. நெருப்புக்கு அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு. முப்பத்திரண்டு கிலோவில் தோசைக்கல் சூட்டில் ஒன்று ஈசானியத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்க வேண்டுமா? கட்டும்போது மனை பார்த்துச் சொன்ன வாஸ்துக்காரர் அறையைத்தான் பார்த்தார், ஆம்ப்ளிஃபயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வலது பக்கம் நன்றாகக் கேட்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது, அது அக்னி மூலையில் இருக்கிறது. என் பொய் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

தண்டாயுதபாணி எழுந்தே நின்றுவிட்டார். "அட, ஆமா மாப்ள! ஈசானியத்துல அடுப்ப வெச்சாப்பல வெச்சிருக்கறீங்க. பொறவு எப்புடி வெளங்கும்?"

அண்ணன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்புடீங்களா சாமி?" என்றார்.

"அப்படித்தாங்கண்ணா" என்றேன்.

"செரி. அப்ப மாத்திப் போடுங்க."

இரண்டையும் தூக்கி அக்னி மூலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது ஸ்பீக்கருக்கு அறையின் குறுக்கே நீள ஒயர் இழுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள்ளே சத்தத்தைச் சமன் செய்ய ஒரு சின்னத் திருகு இருக்கும். மூடியைக் கழற்றுகிற சாக்கில் இடது திருகை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அண்ணன் உட்கார்ந்து கேட்டார். "இப்ப ரெண்டு அண்ணனும் சமமா நிக்கறாங்க" என்றார். வள்ளியாத்தாள் அக்கா அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றி ஊற்றி வைத்தார். நான் வெட்கமில்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனி மாதம் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மைத்துனர் இல்லை. அவரும் நானும் மட்டும்தான். இடது பக்கம் மறுபடி தள்ளிப் போய்விட்டதாம். காதுக்குள் குய்யென்று ஒரு சத்தம் விடாமல் இருக்கிறதாம். மாடிப்படி இறங்கும்போது இடது பக்கமாகச் சாய்ந்து ஒரு தடவை சுவரில் இடித்துக்கொண்டாராம். "வயசாகுதுங்க சாமி" என்று சிரித்தார்.

அன்று சொல்லியிருக்கலாம். யாரும் இல்லை, யாரும் சிரிக்க மாட்டார்கள். இருந்தும் சொல்லவில்லை. சொன்னால் மார்கழியில் சொன்ன வாஸ்து பொய் என்று ஆகிவிடும், திருகை ஏற்றியது திருட்டுத்தனம் என்று ஆகிவிடும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவருடைய காதைக் கொடுத்தேன். இதை எழுதும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. பாரமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும், தென்மேற்குதான் பாரத்துக்கு உகந்தது என்று இன்னொரு கதை விட்டேன். இரண்டு ஆம்ப்ளிஃபயரும் நாற்காலிக்குப் பின்னால் போயின. திருகு இன்னும் ஒரு சுற்று ஏறியது.

கிளம்பும்போது வாசலில் வள்ளியாத்தாள் அக்கா நிறுத்தினார்.

"தம்பி, இப்பெல்லாம் போனை வலப்பக்கமே வெச்சுத்தான் பேசறாருங்க. எடப்பக்கம் இருந்து கூப்புட்டாத் திரும்பறதே இல்ல. ஆசுபத்திரிக்குப் போலாம்னா என்ரகிட்டக் கோவிச்சுக்கறாரு. காது சமாச்சாரத்துல நீங்க சொன்னாக் கேப்பாரு. ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

"சரிங்கக்கா, சொல்றேன்" என்றேன். சொல்கிறவன் மாதிரி தலையையும் ஆட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொங்கலுக்குச் சண்முகப்பிரியா வந்தாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் கேட்டிருக்கிறாள். காணும் பொங்கலன்று காலையில் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அப்பா ரூம்ல பாட்டு மொத்தமும் எடது பக்கமே கத்துதுங்க. இவ்வளவு ஏத்தி வெச்சது யாருங்க?"

"நான்தாம்மா."

"அப்பாவுக்கு அது சமமாக் கேக்குதா?"

"ஆமாம்மா."

"எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

போன வருஷத்து மார்கழியிலிருந்து என்று சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டாள்.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிற கட்டி. ஒரு வருஷம் முன்னால், சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் காதைக் காப்பாற்ற முயற்சி செய்திருக்கலாம், இனிமேல் உயிரைக் காக்கவும் முகம் கோணாமல் பார்க்கவும்தான் பாடுபட முடியும், அந்தக் காது கிடைக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாசியில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று வள்ளியாத்தாள் அக்கா போனில் சொன்னார். அக்காவுக்கு என் விஷயம் தெரியுமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. கடையில் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்ககிரியில் ஒரு மண்டபத்துக்கு ஸ்பீக்கர் மாட்டப் போனேன். அங்கிருந்து அவர் வீடு பக்கம்தான். வேறு வழியாகச் சேலம் திரும்பினேன்.

வைகாசியில் அவரே கூப்பிட்டார். குரல் பழைய குரல்தான், பேச்சு மட்டும் கொஞ்சம் குழறியது.

"கௌதமா, ரூம்ல கொஞ்சம் வேல இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை வாரீங்களா?"

முறுக்கு வாங்கக் கை வரவில்லை. வெறுங்கையோடு போனேன். அண்ணன் மாடி அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தின் இடது பாதி கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது. சிரித்தார், வலது பாதி மட்டும் சிரித்தது. இடது காதுக்குப் பின்னால் தலைமுடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கைத்தடி. நான் வணக்கம் சொன்னதற்கு அவர் திரும்பவில்லை. நான் நின்றது இடது பக்கம். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து மறுபடியும் சொன்னேன்.

"வாங்க சாமி. நீங்க ஏத்தி வெச்சதெல்லாம் எறக்கிருங்க. கண்ணு சொல்லுச்சு" என்றார். கண்ணு என்றது மகளை.

வேலையை அவரே சொன்னார். இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஆம்ப்ளிஃபயரில் விட வேண்டும். ஒரே ஸ்பீக்கர், அதுவும் வலது. இடது ஸ்பீக்கர் வேண்டாம், அதை வெளியே எடுத்துவிடலாம்.

"கேக்கற காதுக்கு எதுத்தாப்பல ஒண்ணு இருந்தாப் போதுமுங்க. ரெண்டு அண்ணனும் இனி ஒரே எடத்துல நின்னு வாசிக்கட்டும்."

திருகை இறக்கினேன். கலக்க வேண்டியதைக் கலந்து, வலது ஆம்ப்ளிஃபயரை வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பழைய கல்லிலேயே வைத்தேன். இடது ஆம்ப்ளிஃபயர் கன்னி மூலையில் ஒயர் எதுவும் இல்லாமல் நின்றது. இதைக் கடைக்கு எடுத்துப்போய் வேறு யாருக்காவது மாட்டி விடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. அத மொதல்ல வெச்ச எடத்துலயே வையுங்க."

"ஈசானியத்துலயாங்கண்ணா?"

"ஆமாங்க. அது மேல ஒரு குத்தமும் இல்லீங்களே. வருசம் பூரா அது மேலதான் பழி போட்டுக்கிட்டு இருந்தோம். பழைய எடத்துலயே இருக்கட்டும்."

முப்பத்திரண்டு கிலோவையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் வடகிழக்கு மூலைக் கல்லில் வைத்தேன். மூச்சு வாங்கியது. நிமிரவே மனம் வரவில்லை. துணியை எடுத்து அதன் மேல் தகட்டைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"சாமி" என்று கூப்பிட்டார். "அன்னிக்கு இந்தச் சேரைத் திருப்பிப் போட்டு உக்காரச் சொன்னீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஐந்து மாதமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். பதில்கூட விதவிதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவருடைய வலது பக்கம் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தேன்.

"தெரியுங்கண்ணா."

தலையை மெல்ல ஆட்டினார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"எனக்கும் தெரிஞ்சுதுங்க" என்றார். "கைய நீட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு. காதுதான்னு. வெளிய சொல்லத் தெம்பில்ல. மச்சான் வேற உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நீங்க சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தனுங்க. நீங்க ஈசானியம்னு சொன்னதும் அப்பாடான்னு ஆயிருச்சு. செரி, தெரிஞ்சவரே மூலையச் சொல்றாரு, அப்ப மூலையாத்தான் இருக்கும்னு அதையே புடிச்சுக்கிட்டேன். வள்ளி ஆசுபத்திரிக்குப் போலாம்னப்ப எல்லாம், கௌதமன் காதுல ஒண்ணுமில்லன்னு சொல்லீட்டாருன்னுதான் சொல்லுவேன்."

அந்த மார்கழி மாதப் பார்வை நினைவுக்கு வந்தது. அவர் என்னை ஏதோ சந்தேகத்தோடு பார்ப்பதாக நினைத்திருந்தேன். நான் சொல்வதற்காக அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் இல்லை என்று சொல்லிவிடுவார், பெரிய மனுஷர், என் மனசு நோகக் கூடாது என்று நினைப்பார், அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்ற நப்பாசையில்தான் கேட்டேன்.

"நான் அன்னிக்கே சொல்லியிருந்தா டாக்டர்கிட்டப் போயிருப்பீங்களாண்ணா?"

அவர் யோசித்தார். அவசரப்படவில்லை. பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"போயிருப்பனுங்க சாமி" என்றார். "நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேன்."

திறந்திருந்த கதவு வழியாகக் கீழேயிருந்து வள்ளியாத்தாள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணனுக்கு அது கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.